மீசைக் கம்பியும் பர்லியாறு தண்ணீரும்

போன மாதம் இந்தப் பகுதியில், நண்பர் ஒருவரின் 1930 ஃபோர்டு மாடல் ஏ காரில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறின கதையைப் பத்து வரியில் எழுதியிருந்தேன். நாலு கதவு, மூன்று கியர், ஐந்து பேர் உட்காரலாம், பர்லியாறில் ஒருமுறை கொதித்து நின்றது, அப்புறம் ஒழுங்காக ஏறிவிட்டது, அவ்வளவுதான். அந்தப் பத்து வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் பாதி வீட்டு ஷெட்டில் ஏதோ ஒரு பழைய வண்டி தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகிறது போலிருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்க அதே பேச்சு. புது பைக்கில் எதை வாங்கலாம் என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

பர்லியாறிலேயே கொதித்துவிட்டது என்றால் அந்த வண்டி மலைக்கு லாயக்கில்லை என்றுதானே அர்த்தம்? அந்தக் காலத்தில் இதே வண்டிகளில்தானே எல்லோரும் ஏறினார்கள்?
வாசகி, கோத்தகிரி

வண்டி மேல் பழி போடாதீர்கள் அம்மா, தப்பு என்னுடையது. போன மாதம் மழுப்பிவிட்டேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் மீசை மாதிரி இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று கை ஆக்சிலரேட்டர். இன்னொன்று பிளக்கில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதை டிரைவரே கையால் தள்ளி வைக்கிற கம்பி. இன்றைய வண்டியில் அந்த வேலையை இன்ஜினே பார்த்துக்கொள்கிறது, நமக்கு அப்படி ஒன்று நடப்பதே தெரியாது. மாடல் ஏ-யில் ஸ்டார்ட் செய்யும்போது கம்பியை மேலே தள்ளி, பொறி தாமதமாக விழும்படி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹேண்டில் போடுகிறவர் மணிக்கட்டை அது பின்பக்கமாக உதைத்து முறித்துவிடும். இன்ஜின் பிடித்த உடனே கம்பியைக் கீழே இறக்கிவிட வேண்டும். நண்பர் மேட்டுப்பாளையத்தில் ஸ்டியரிங்கை என் கையில் கொடுத்தார், நான் ஸ்டார்ட் செய்த சந்தோஷத்தில் கம்பியைப் பாதியிலேயே விட்டுவிட்டேன். பொறி தாமதமாக விழுந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் எரிந்து முடிவதில்லை, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சூடு முழுக்க பிளாக்கிலும் தண்ணீரிலும் இறங்கும். கல்லாறு வரை சமதளம் என்பதால் தெரியவில்லை. வளைவுகள் ஆரம்பித்ததும் வண்டி இழுக்கத் திணறியது, நான் இன்னும் மிதித்தேன், பர்லியாறு பழக்கடைகளுக்கு முன்னால் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறியது.

அங்கே மங்குஸ்தான் விற்றுக்கொண்டிருந்தவர் ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார். நல்ல மனசு, ஆனால் நண்பர் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். கொதிக்கிற இரும்பு பிளாக்கில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும், அப்புறம் அந்தக் கதை லேத் பட்டறையில்தான் போய் முடியும். இருபது நிமிடம் நின்றோம், டீ குடித்தோம். மூடியின் மேல் சாக்குத் துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டபடி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். பிறகு மீசைக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது, ஊட்டி வரை ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வண்டியின் ரேடியேட்டரில் அழுத்தம் பிடித்துவைக்கிற மூடி கிடையாது, திறந்த அண்டா மாதிரிதான். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஊட்டி உயரத்தில், அதாவது 2,240 மீட்டரில், 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேக நேரமாகிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்கிற அதே சங்கதிதான். விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினால் கூடுதலானதை அது துப்பிவிட்டுத் தன் அளவை வைத்துக்கொள்ளும், ஒழுகுகிறது என்று பதற வேண்டாம். தண்ணீரை எவர்சில்வர் தூக்கிலோ பெரிய கேனிலோ கொண்டுபோங்கள், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலோடு போனால் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொண்டு அபராதமும் போடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் நீலகிரி நிர்வாகமும் 1930 வண்டியும் ஒரே கட்சி.

அண்ணே, எங்கள் தாத்தாவின் மாடல் ஏ எஸ்டேட் ஷெட்டில் முப்பது வருஷமாக நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யலாம் என்று சித்தப்பா சொல்கிறார். சரியா?
வாசகர், குன்னூர்

தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த இதழ் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இழுக்காதீர்கள்.

இப்படி இழுத்த ஒரு வண்டியை எனக்குத் தெரியும், அதுவும் உங்கள் பக்கத்து எஸ்டேட் வண்டிதான். இரண்டு வால்வு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. ஜீப் இழுத்த இழுப்பில் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்கவே மெக்கானிக்குக் கால் மாதம் ஆயிற்று. அந்த ஐந்து நிமிட ஆசைக்கு அந்த வீட்டில் இரண்டு வருஷச் சம்பளம் போனது.

முதலில் நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் இன்ஜின் ஆயிலோடு கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விட்டு, நாலைந்து நாள் அப்படியே ஊறவிடுங்கள். அதற்குள் மற்ற வேலையைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க் இந்த வண்டியில் பின்னால் கிடையாது, டேஷ்போர்டுக்குப் பின்னால், உங்கள் முழங்காலுக்கு நேர் மேலே இருக்கிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், வார்னிஷ் வாசம் அடித்தால் உள்ளே பெட்ரோல் இல்லை, பெட்ரோலாக இருந்த ஒரு பிசின்தான் இருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவாமல் ஒரு சொட்டுப் புது பெட்ரோல் ஊற்றக் கூடாது, அந்தப் பிசின் கரைந்து கார்பரேட்டரில் பெட்ரோல் வருகிற சின்னத் துளையான ஜெட்டை அடைத்துவிடும். இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்குகிற சம்ப்பை இறக்கி அடியில் படிந்திருக்கிற கறுப்புச் சேற்றை வழித்தெடுங்கள். இதில் ஆயில் ஃபில்டர் கிடையாது, அதனால் அந்தக் காலத்தில் 500 மைலுக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொன்னார்கள், இன்றைக்கும் அந்தக் கணக்கை விடாதீர்கள். எக்ஸாஸ்ட் குழாயில் எலிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

ஐந்தாம் நாள் ஹேண்டிலைப் போட்டு, பிளக் இல்லாமல், மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பாதி அதிர்ஷ்டம். சுற்றாவிட்டால் பலத்தைக் காட்டாமல் மறுபடி எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஒரு நல்ல ஆசாரியைக் கூப்பிடுங்கள். இந்த நாலு கதவு பாடிக்கு உள்ளே எலும்புக்கூடு மரம், வெளியேதான் தகரம். குன்னூர் மழையும் பனிமூட்டமும் முப்பது வருஷம் அந்த மரத்தை என்ன செய்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கதவைத் திறந்து கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு மட்டும் ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, சில்லறை வேலை. கதவோடு சேர்ந்து அந்தத் தூணும் ஆடினால் உள்ளே மரம் உளுத்துவிட்டது, அதை முடிக்காமல் பெயின்ட் அடிக்கிறவனை வீட்டுப் பக்கமே விடாதீர்கள். நம் பட்டறைகளில் தேக்கில் இழைத்துப் போடுவார்கள், அது போதும். எஸ்டேட்டில் சும்மா நிற்கிறது என்று சில்வர் ஓக் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

உதிரி பாகத்துக்குக் கவலைப்படாதீர்கள். 1927 கடைசியிலிருந்து 1932 ஆரம்பம் வரை இந்த மாடல் 48 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், அமெரிக்காவில் இதற்கு கேஸ்கட் முதல் டயர் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்தப் புது பேட்டரியை மட்டும் ஒருமுறை பாருங்கள். இது 6 வோல்ட் வண்டி, பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர வேண்டும். 12 வோல்ட் வாங்கியிருந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய வண்டிக்கு ஊற்றலாமா? நான் பயந்துகொண்டு விலை கூடின பிரீமியம் பெட்ரோல் போடுகிறேன்.
வாசகர், ஊட்டி

பிரீமியம் பெட்ரோல் காசு தண்டம். அதன் பெருமை ஆக்டேன், அதாவது அழுத்தும்போது முன்கூட்டியே வெடித்துவிடாமல் தாங்குகிற குணம், அது கம்ப்ரெஷன் அதிகமான, அதாவது பெட்ரோல் கலவையை இறுக்கி அழுத்துகிற இன்ஜினுக்குத்தான் வேண்டும். மாடல் ஏ-யின் கம்ப்ரெஷன் 4.22-க்கு 1, இன்றைய சாதாரணக் கார்களில் 10-க்கு மேல். 3.3 லிட்டர் இன்ஜினில் 40 குதிரைச் சக்திதான் எடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு சாவகாசமாக எரிகிறது என்று பாருங்கள், அந்தக் காலத்து மட்டமான பெட்ரோலுக்கென்றே செய்த இன்ஜின் அது.

எத்தனால் விஷயம் வேறு. எரிவதில் தகராறு இல்லை, ஊறுவதில்தான். பழைய ரப்பர் குழாய் இளகும், காற்றில் உள்ள ஈரத்தை அது இழுத்து டேங்க் அடியில் சேர்க்கும். பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவை இதில் தக்கை, அதன் மேல் பூசியிருப்பது அரக்கு, அரக்கு எத்தனாலில் கரையும். தக்கை பெட்ரோல் குடித்து மூழ்கிவிட்டால் டேங்க் நிறைந்திருந்தாலும் முள் காலி என்றுதான் காட்டும். குழாய்களை எத்தனால் தாங்குகிற ரகமாக மாற்றுங்கள், மிதவையையும் மாற்றுங்கள், மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் டேங்குக்கு அடியில் இருக்கிற குழாய்த் திருகை மூட மறக்காதீர்கள். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே கீழே இறங்குகிறது. கார்பரேட்டர் ஊசி சரியாக உட்காராவிட்டால் விடிவதற்குள் ஷெட் தரையில் டேங்க் முழுக்க இருக்கும்.

ஊட்டிக்காரர் என்பதால் ஒன்று கூடுதலாக: உயரத்தில் காற்று இலேசு, அதே பெட்ரோலுக்குக் காற்று போதாது, புகை கறுப்பாக வரும், சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். சோக் கம்பியைப் பிடித்துத் திருகினால் பெட்ரோல் குறையும், அதற்கென்றே வைத்திருக்கிறார்கள். குன்னூர் தாண்டினதும் கொஞ்சம் திருகிக் குறையுங்கள், மேட்டுப்பாளையம் இறங்கினதும் பழையபடி வையுங்கள்.

தாத்தா காலத்துக் கார்கள் மலையில் ரிவர்ஸ் கியரில் பின்பக்கமாக ஏறுமாமே, நிஜமா?
எட்டாம் வகுப்பு மாணவி, லவ்டேல்

நிஜம்தான் கண்ணு. ஆனால் அது மாடல் ஏ அல்ல, அதற்கு முந்தின மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். அதில் பல வண்டிகளில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில். டேங்கில் கொஞ்சமாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் மூக்கைத் தூக்கினால் இன்ஜின் டேங்கைவிட மேலே போய்விடும், பெட்ரோல் மேல்நோக்கி ஓடாதே. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக ஏறினால் டேங்க் மேலே, இன்ஜின் கீழே. போதாததற்கு அந்த வண்டியில் ரிவர்ஸ் கியர்தான் எல்லாவற்றையும்விட இழுவை கூடினது. அடுத்த மாடலில் டேங்கைத் தூக்கி டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்ததும் இந்தக் கூத்து முடிந்துவிட்டது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளை நேரில் பார்க்க ஆசையாக இருந்தால் அப்பாவைக் கோயம்புத்தூர் அவினாசி சாலையில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொல். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸைத் தானே ஓட்டித் தொழிலை ஆரம்பித்த ஜி.டி. நாயுடு குடும்பத்தின் அறக்கட்டளை நடத்துவது.

வீட்டில் 1930-களின் கார் ஒன்று இருக்கிறது. பெருமாள்மலையிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும்போது பிரேக் கருகிய வாசம் வருகிறது. மகன் டிஸ்க் பிரேக் வைத்துவிடலாம் என்கிறான்.
வாசகர், கொடைக்கானல்

வாசம் வருவது பிரேக்கிலிருந்து, ஆனால் கோளாறு கியர் பிடிக்கிற கையில். ஏறின கியரிலேயே இறங்கு என்று லாரிக்காரர்கள் சொல்வது இந்த வண்டிகளுக்கு இரண்டு மடங்கு பொருந்தும். எங்கள் நண்பர் வண்டியில் பிரேக் மிதியிலிருந்து நாலு சக்கரத்துக்கும் இரும்புக் கம்பிகள்தான் போகின்றன, எண்ணெயும் இல்லை, பூஸ்டரும் இல்லை, உங்கள் காலில் எவ்வளவு பலமோ அவ்வளவுதான் பிரேக். அதைப் பத்து கிலோமீட்டருக்குத் தொடர்ந்து மிதித்தால் டிரம் பழுத்துவிடும்.

இரண்டாம் கியரில் இறங்குங்கள், வளைவு இறுக்கமாக இருந்தால் முதல் கியர். கியரை வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். இதில் சின்க்ரோமெஷ், அதாவது கியர் பற்களின் வேகத்தைத் தானே சமமாக்கிச் சேர்க்கிற ஏற்பாடு கிடையாது, கீழ் கியருக்கு வர டபுள் கிளட்ச்தான்: கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஒரு சின்ன ரேஸ் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியரைப் போட வேண்டும். பல் சத்தம் கேட்காமல் உட்கார்ந்தால் மனசுக்குள் ஒரு சபாஷ் விழும். இதைச் சமதளத்தில் நூறு தடவை செய்து பார்த்துவிட்டு மலைக்கு வாருங்கள், ஏனென்றால் வளைவின் நடுவில் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொண்டால் அந்தக் கம்பி பிரேக்கை மட்டும் நம்பிக் கீழே பார்க்க வேண்டிவரும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களோடு நான் காரில் ஏறுவதில்லை, சொந்த மச்சானாக இருந்தாலும்.

ஏற்றத்திலும் மேல் கியரில் முக்கவிடாதீர்கள், இந்த இன்ஜினில் ஒயிட் மெட்டல் என்கிற மெத்தென்ற உலோகத்தில் செய்த பேரிங், அந்தக் குலுக்கலில் அது நசுங்கும். நாலு சக்கரப் பிரேக்கும் சமமாகப் பிடிக்கிறதா என்று ஜாக்கியில் தூக்கி வைத்துப் பாருங்கள், ஒன்று மட்டும் உரசினாலும் அதே கருகல் வாசம் வரும். மகனிடம் சொல்லுங்கள், டிஸ்க் வைக்கிற செலவில் பாதிக்கு நல்ல லைனிங்கும் நாலு டிரம்மைக் கடைந்து சரிசெய்கிற கூலியும் வந்துவிடும். அப்படியும் அவர் பிடிவாதமாக இருந்தால் அவர் கையில் ஒரு நாள் அந்த ஸ்டியரிங்கைக் கொடுத்து வெள்ளி அருவி வரைக்கும் இறங்கச் சொல்லுங்கள்.

விண்டேஜ் பதிவு என்று ஏதோ வந்திருக்கிறதாமே? அதைச் செய்தால் தினமும் ஓட்டலாமா? மாமாவின் 1934 காரை ஊட்டிக்குக் கொண்டுபோக இ-பாஸ் வேண்டுமா?
வாசகர், கோயம்புத்தூர்

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டின, இன்ஜின், சேஸிஸ், பாடி எதையும் பெரிதாக மாற்றாத டூவீலர், கார்களுக்கு. நம்பரில் மாநில எழுத்துக்கு அடுத்து வி.ஏ. என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஏற்கனவே பழைய நம்பர் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், மாமா வண்டியில் பழைய மெட்ராஸ் நம்பர் இருந்தால் தயவுசெய்து அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

விண்டேஜாகப் பதிந்துவிட்டால் தினசரி ஓட்டமும் வாடகையும் கூடாது. கண்காட்சி, ராலி, அதற்குப் போகவர, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இவ்வளவுக்குத்தான் சாலையில் இறங்கலாம். இ-பாஸ் 2024 மே 7-லிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டி எல்லாவற்றுக்கும் உண்டு, வயதுக்குச் சலுகை இல்லை. ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நடுவே இருக்கிற கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவு, அந்தப் பக்கம் இந்த வண்டியைத் திருப்பவே வேண்டாம், வெளியூர் வண்டியை இறங்கவும் விடமாட்டார்கள்.

இப்படிப் பழைய கார் ஒன்றை வாங்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வருமா?
வாசகர், பழனி

மேலே இருக்கிற பதிலைப் படியுங்கள். அதோடு, ஊர்வலத்தில் ஒரு மணி நேரம் நடைவேகத்தில் போனால் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்காது, மாப்பிள்ளை ஆவிக்கு நடுவில்தான் இறங்குவார்.

எல்லாம் சரி, மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?
இதையே கேட்ட பதினொரு வாசகர்கள்

கேட்காமல் இருப்பீர்களா. சமதளத்தில் லிட்டருக்கு ஏழு, எட்டு கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பத்து லிட்டருக்கு மேல் குடித்தது, அதில் ஒரு லிட்டர் என் மீசைக் கம்பிக் கணக்கு. கோத்தகிரி வழியாக இறங்கும்போது அளக்கவில்லை, நண்பர் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுக்கவுமில்லை.